விலை ஏறினால் யாரைக் கேட்பது? – வாசகர் கேள்வி-பதில்

விலைவாசியையும் திருட்டு பயத்தையும் பற்றி வந்த கடிதங்களிலிருந்து சிலவற்றை இந்த வாரம் எடுத்துக்கொண்டோம். பெரும்பாலான கடிதங்களில் கோபம் நியாயமானதுதான். ஆனால் அது போய்ச் சேரும் இடம் தவறாக இருக்கிறது. வாக்குப்போடும் மக்களுக்குக் கணக்கு சரியாகத் தெரியவேண்டும் என்பதால், பதில்களில் எந்தக் கட்சிக்கும் சலுகை காட்டவில்லை.

ஆட்டோ ஓட்டுநர், மதுரை: பங்கில் 200 ரூபாய்க்குப் போட்டால் ரெண்டு லிட்டர்கூட முழுசாக வருவதில்லை. எங்கள் ஸ்டாண்டில் பாதிப் பேர் டெல்லிதான் காரணம் என்கிறார்கள், மீதிப் பேர் கோட்டைதான் காரணம் என்கிறார்கள். உண்மையில் யார்?

இரண்டு பேரும்தான். ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் ஏற்றவில்லை, ஒரே விதமாகவும் ஏற்றவில்லை. 2025 ஏப்ரலில் கலால் வரி மாறிய பிறகு சென்னையில் இருந்த விலையை, அதாவது லிட்டர் ஏறத்தாழ ₹101-ஐ, பிரித்துப் பார்ப்போம். மத்திய அரசின் கலால் வரி ₹21.90. தமிழக அரசின் வாட் வரி 13 சதவீதம், அதோடு லிட்டருக்கு ₹11.52; இரண்டும் சேர்ந்தால் ₹22-ஐ ஒட்டி வரும். மீதி ₹57 சொச்சத்துக்குள் கச்சா எண்ணெய், சுத்திகரிப்பு, லாரி வாடகை, எண்ணெய் நிறுவனத்தின் லாபம், பங்க்காரரின் கமிஷன் எல்லாம் அடக்கம். ஆக, வரியில் டெல்லியும் கோட்டையும் கிட்டத்தட்டச் சரிபாதி. அந்த விலையில் உங்கள் 200 ரூபாயில் தலைக்கு 43 ரூபாய்க்கு மேல் எடுத்துக்கொண்டார்கள்.

"டெல்லி வாங்கும் வரியில் மாநிலத்துக்கும் பங்கு போகிறதே" என்று ஒரு வாதம் உண்டு. 2021 பிப்ரவரியில் பெட்ரோல் மீதான கலால் வரி ₹32.90. அதில் அடிப்படைக் கலால் வெறும் ₹1.40. சாலை, விவசாயக் கட்டமைப்பு என்ற பெயர்களில் வாங்கிய செஸ், சிறப்புக் கூடுதல் வரி ஆகியவை மீதி ₹31.50. மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் 41 சதவீதம் அந்த ₹1.40-க்கு மட்டும்தான். இதைச் சொல்லாமல் பங்கு போகிறது என்று மட்டும் சொல்வது பாதி உண்மை.

அதிகக் குழப்பம் வருவது காலத்தைக் கவனிக்காததால். 2020 மே மாதம் நடந்ததைப் பாருங்கள். ஊரடங்கில் கச்சா எண்ணெய் விலை அதலபாதாளத்தில் கிடந்தது. மே 4-ஆம் தேதி அன்றைய அ.தி.மு.க. அரசு பெட்ரோல் வாட் வரியை 34 சதவீதத்திலிருந்து "15 சதவீதம் கூட்டல் ₹13.02" என்று மாற்றியது. பார்த்தால் சதவீதம் குறைந்த மாதிரி இருக்கும். பங்கில் விலை ₹3.25 ஏறியது. மறுநாளே மத்திய பா.ஜ.க. அரசு கலால் வரியை லிட்டருக்கு ₹10 ஏற்றியது. அதற்குப் பங்கில் ஒரு பைசாகூட மாறவில்லை. கச்சா எண்ணெய் சரிந்ததால் நமக்குக் குறைந்திருக்க வேண்டிய விலையை அந்த வரி விழுங்கிவிட்டது. விலை மாறாததால் யாரும் கோபப்படவும் இல்லை.

ஓராண்டு கழித்துக் கச்சா எண்ணெய் பழைய நிலைக்கு ஏறியது. வரி மேலேயே நின்றது. 2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் ₹100-ஐத் தாண்டியது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் தமிழகத்தில் ஆட்சி மாறியிருந்தது. "தி.மு.க. வந்ததும் நூறு ரூபாய்" என்று பலர் மனதில் பதிந்தது அப்படித்தான். வரி ஏறியது முந்தைய ஆண்டு, அதுவும் இரண்டு வேறு கட்சிகளின் அரசுகளால். 2021 ஆகஸ்டில் தி.மு.க. அரசு ₹3 குறைத்து, 13 சதவீதம் கூட்டல் ₹11.52 என்று ஆக்கியது. அதற்குமேல் அந்த வாட்டைக் குறைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். மத்திய அரசு 2021 நவம்பரில் ₹5, 2022 மே மாதம் ₹8 குறைத்தது. கலால் ₹8 குறைந்தால், அந்தத் தொகையின் மேல் விழும் 13 சதவீத வாட் ₹1.04-உம் தானாகக் குறையும். நீங்கள் மாநிலத்தின் தயவு என்று நினைக்கும் சில பைசாக்கள் இப்படி வந்தவை.

இன்னும் பின்னால் போனால், பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை 2010 ஜூனில் கைவிட்டது காங்கிரஸ் தலைமையிலான அரசு. அப்போது தி.மு.க. அந்தக் கூட்டணியில் இருந்தது. டீசலைக் கைவிட்டது 2014 அக்டோபரில் பா.ஜ.க. அரசு. 2014 நவம்பர் முதல் 2016 ஜனவரி வரை கச்சா விலை சரியச் சரிய, ஒன்பது முறையில் பெட்ரோல் கலால் ₹11.77 ஏறியது. 2017 ஜூனிலிருந்து தினமும் விலை மாறும் முறை. ஆனால் 2021 நவம்பர் 4 தொடங்கி 2022 மார்ச் 21 வரை, ஐந்து மாநிலத் தேர்தல் நடந்த காலம் முழுவதும், எண்ணெய் நிறுவனங்கள் விலையைத் தொடவில்லை. அதன்பிறகு பதினாறே நாளில் ₹10 ஏற்றிவிட்டன.

ஸ்டாண்டில் சண்டை வந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். விலை மாறிய அன்று காலை புதுச்சேரியிலும் பெங்களூரிலும் விலை மாறியதா என்று பாருங்கள். எல்லா இடத்திலும் மாறியிருந்தால் காரணம் எண்ணெய் நிறுவனம் அல்லது டெல்லி. தமிழ்நாட்டில் மட்டும் மாறியிருந்தால் அது கோட்டையின் முடிவு.

மளிகைக் கடைக்காரர், கும்பகோணம்: அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. போட்டது மோடி அரசு என்று ஒரு வாடிக்கையாளரும், ஸ்டாலின் அரசும் கையெழுத்துப் போட்டது என்று இன்னொருவரும் கடையில் வாக்குவாதம் செய்கிறார்கள்.

இரண்டாமவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. ஜி.எஸ்.டி. விகிதத்தைப் பரிந்துரைப்பது மத்திய, மாநில அமைச்சர்கள் உட்காரும் ஜி.எஸ்.டி. கவுன்சில். அதில் மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். அதனால் டெல்லி வேண்டாம் என்றால் எதுவும் நிறைவேறாது. அதேசமயம் டெல்லி தனியாகவும் எதையும் நிறைவேற்ற முடியாது. எல்லா 31 மாநில உறுப்பினர்களும் வாக்களித்தால், டெல்லியோடு குறைந்தது 20 பேர் கைதூக்க வேண்டும். 12 மாநிலங்கள் ஒன்றுசேர்ந்து எதிர்த்தால் தடுத்துவிடலாம். நடைமுறையில் வாக்கெடுப்பு மிக அரிது. 2019 டிசம்பரில் லாட்டரி வரிக்குத்தான் முதன்முறையாக நடந்தது.

பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி, மாவு, தயிர் வகைகளுக்கு 5 சதவீதம் என்ற முடிவு 2022 ஜூன் இறுதியில் சண்டிகர் கூட்டத்தில் வாக்கெடுப்பே இல்லாமல் எடுக்கப்பட்டது. ஜூலை 18 முதல் அமலானது. பா.ஜ.க. ஆளாத மாநிலங்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தன. கூட்டத்துக்குத் தலைமை தாங்கி நடத்திய பெரும் பொறுப்பு மத்திய அரசுக்கு; தடுக்காமல் விட்ட பொறுப்பு மாநிலங்களுக்கு.

விதி எப்படி வேலை செய்கிறது என்று உங்கள் கடையிலேயே பார்த்திருப்பீர்கள். வரி 25 கிலோ வரையிலான பாக்கெட்டுக்குத்தான். அதற்குமேல் ஒரே மூட்டையாக இருந்தால் வரி இல்லை. அதனால்தான் ஆலைகள் 26 கிலோ மூட்டைக்கு மாறின. மூட்டையைப் பிரித்துத் தராசில் சில்லறையாக நிறுத்துக் கொடுத்தாலும் வரி கிடையாது. ஆக 26 கிலோ மூட்டை வாங்க வசதியுள்ள குடும்பம் தப்பித்துக்கொள்கிறது, 5 கிலோ பாக்கெட் வாங்கும் குடும்பம் வரி கட்டுகிறது. நம்மைக் கேட்டால், கோபப்பட வேண்டிய இடம் இதுதான். இரு தரப்பு மேடையிலும் இதைப் பேசக் காணோம்.

இல்லத்தரசி, திண்டுக்கல்: தக்காளி, வெங்காயம் விலை ஏறினால் எந்த அரசைக் குறை சொல்வது?

பெரும்பாலும் முதலில் வானத்தைப் பார்க்க வேண்டும். வெங்காயத்தில், மகாராஷ்டிராவின் நாசிக் பகுதியின் கோடை அறுவடை ஏப்ரல், மே மாதங்களில் வந்து, பட்டறை போட்டு அக்டோபர் வரை விற்கும். மழையில் நனைந்து அழுகினாலோ, முளைவிட்டாலோ, அடுத்த விளைச்சல் தள்ளிப்போனாலோ செப்டம்பர் தொட்டு விலை ஏறும். தக்காளி நட்ட அறுபது எழுபது நாளில் காய்க்கு வந்துவிடும் பயிர். கிலோ நாலு ரூபாய்க்குப் போய் ரோட்டில் கொட்டும் காலத்தில் விவசாயி அடுத்த நடவைக் குறைத்துக்கொள்வார். இரண்டு மூன்று மாதம் கழித்து நீங்கள் நூறு ரூபாய் கொடுக்கிறீர்கள்.

அரசுகளின் பங்கு அதற்குப் பிறகுதான். ஏற்றுமதி டெல்லியின் கையில். 2023 ஆகஸ்டில் வெங்காய ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி, டிசம்பரில் தடை, 2024 மே மாதம் தடை நீக்கம். இதில் நமக்கு விலை குறைந்தால் விவசாயிக்கும் குறைகிறது என்பதை மறக்கக்கூடாது. மாநிலத்தின் கையில் இருப்பது கொள்முதல் செய்து குறைந்த விலைக்கு விற்பது. 2023 ஜூலையில் வெளியே தக்காளி நூறைத் தாண்டியபோது கூட்டுறவுத் துறையின் பண்ணைப் பசுமைக் கடைகளில் ₹60-க்குக் கொடுத்தார்கள். எத்தனை கடையில், எத்தனை கிலோ, எத்தனை மணிக்குள் தீர்ந்தது என்று கூட்டுறவுத் துறையைக் கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை அதற்கு உண்டு.

கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்: "ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் இரண்டரை லட்சம் கடன்" என்கிறார்கள். அந்தக் கடனை வாங்கியது எந்தக் கட்சி?

2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் வந்த எண் அது: குடும்பத்துக்கு ₹2,63,976. முந்தைய அ.தி.மு.க. ஆட்சியின் நிதிநிலையைக் காட்டச் சொன்னது. அதே கணக்கை அடுத்து வந்த தி.மு.க. ஆட்சிக்குப் போட்டால் தொகை இன்னும் பெரிதாக வரும். அதனால் இந்த எண் ஒரு கட்சியை மட்டும் அடிக்கும் தடி அல்ல. முதலில் ஒன்றைத் தெளிவாக்குவோம். அந்தப் பணத்தை உங்கள் வீட்டில் வந்து யாரும் கேட்கமாட்டார்கள். அது அரசின் கடன்; அரசின் வருமானத்திலிருந்து வட்டி போகும்.

2011-இல் மாநிலத்தின் கடன் சுமார் ₹1 லட்சம் கோடி. 2021 மார்ச்சில், அ.தி.மு.க. அரசின் இடைக்கால பட்ஜெட்டே சொன்ன தொகை ₹4.85 லட்சம் கோடி. 2026 மார்ச்சுக்கு தி.மு.க. அரசின் பட்ஜெட் மதிப்பிட்டது ₹9.29 லட்சம் கோடிக்கு மேல். தொகையை மட்டும் பார்த்தால் யார் வந்தாலும் முந்தையவரைவிடக் கூடுதலாகத்தான் தெரியும், ஏனென்றால் விலைவாசியும் பொருளாதாரமும் வளர்கின்றன. மாநில உற்பத்தி மதிப்பில் கடன் எத்தனை சதவீதம் என்று பாருங்கள்: 2026 மதிப்பீட்டில் 26.07. கொரோனா ஆண்டில் ஏறத்தாழ 27. 2011-ஐ அடுத்த ஆண்டுகளில் இதைவிட மிகக் குறைவாக இருந்தது.

அதைவிட முக்கியம் வருவாய்ப் பற்றாக்குறை. சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் போன்ற அன்றாடச் செலவுக்கே வருமானம் போதவில்லை என்பது அதன் பொருள். தமிழ்நாடு 2012-13 வரை உபரியில் இருந்தது. 2013-14 முதல் பற்றாக்குறை. 2020-21-இல் அது ₹62,000 கோடியைத் தாண்டியது. 2025-26 பட்ஜெட்டில் ₹41,635 கோடி என்று மதிப்பிட்டார்கள். பாலம் கட்ட வாங்கும் கடன் வேறு, மளிகைக்கு வாங்கும் கடன் வேறு. எந்த ஆட்சியானாலும் இந்த இரண்டாவது கடனைப் பற்றிக் கேளுங்கள். டெல்லிக்கும் இதில் ஒரு கை உண்டு. அரசியல் சாசனத்தின் 293-ஆம் பிரிவின்படி மாநிலம் ஆண்டுக்கு எவ்வளவு கடன் வாங்கலாம் என்று அனுமதிப்பது மத்திய அரசு.

ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்: சொத்து வரியை உயர்த்தச் சொன்னது மத்திய நிதிக்குழு என்று மாநில அரசு சொன்னது உண்மையா?

உண்மைதான், ஆனால் முழுமையான பதில் அல்ல. 15-ஆவது நிதிக்குழு, நகர உள்ளாட்சிகளுக்கான மானியம் வேண்டுமானால் சொத்து வரிக்கு அடிமட்ட விகிதத்தை அறிவிக்கவேண்டும் என்றது. 2022 ஏப்ரலில் 25 முதல் 150 சதவீதம் வரை என்று படிநிலை வைத்தது மாநில அரசின் ஆணை. 2018-இல் அ.தி.மு.க. அரசும் உயர்த்தியது, உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிய 2019 நவம்பரில் அதை நிறுத்திவைத்தது. தள்ளிப்போட்டதன் சுமை அடுத்த உயர்வோடு சேர்ந்து வந்தது.

வழக்கறிஞர் அலுவலக உதவியாளர், திருநெல்வேலி: கொலை, கொள்ளை பெருகிவிட்டது என்று எதிர்க்கட்சி சொல்கிறது, ஆளுங்கட்சி தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் எண்ணைக் காட்டிக் குறைந்துவிட்டது என்கிறது. ஆட்சி மாறினால் வசனமும் இடம் மாறுகிறது. எதை நம்புவது?

காவல்துறையும் பொது ஒழுங்கும் மாநிலப் பட்டியலில் முதல் இரண்டு இனங்கள். ஆகவே தமிழ்நாட்டுச் சட்டம் ஒழுங்குக்கு மாநில அரசுதான் பதில் சொல்லவேண்டும், அதில் சந்தேகமில்லை. (டெல்லியில் போலீஸ் மத்திய உள்துறையின் கீழ், அங்கே முதல்வரைத் திட்டுவது வீண்.) ஆனால் காப்பகத்தின் எண்ணைப் படிக்கத் தெரியாமல் கட்சியைத் தீர்மானித்தால் தவறிவிடும்.

2020-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நாடு முழுவதும் பதிவான குற்றங்கள் 51.5 லட்சத்திலிருந்து 66 லட்சமாக, 28 சதவீதம் ஏறின. தமிழ்நாட்டின் எண் அதைவிடப் பல மடங்கு எகிறியது. மக்கள் திடீரென்று குற்றவாளிகள் ஆகிவிடவில்லை. ஏறியதில் பெரும்பகுதி, ஊரடங்கை மீறி வெளியே வந்தவர்கள் மேல், அரசு உத்தரவை மீறியதற்கான இந்திய தண்டனைச் சட்டத்தின் 188 போன்ற பிரிவுகளில் போட்ட வழக்குகள். நாடு முழுக்க 188-ஆவது பிரிவு வழக்கு 2019-இல் 29,469; 2020-இல் 6,12,179. அந்த ஆண்டு உண்மையில் திருட்டு குறைந்தது, எல்லோரும் வீட்டில் இருந்ததால். அந்த மொத்த எண்ணை வைத்து அ.தி.மு.க. ஆட்சியைக் குறை சொன்னாலும் தவறு. அடுத்த ஆண்டு அது குறைந்ததை வைத்து தி.மு.க. ஆட்சியைப் பாராட்டினாலும் தவறு.

அதனால் மொத்த எண்ணை விட்டுவிட்டு, மறைக்க முடியாத குற்றத்தைப் பாருங்கள். கொலைதான் அதில் முதல். பிணம் கிடந்தால் வழக்குப் போட்டே தீரவேண்டும். தமிழ்நாட்டில் 2019 முதல் 2022 வரை கொலை வழக்குகள் ஆண்டுக்குச் சுமார் 1,650 முதல் 1,750 வரை. நடுவில் ஆட்சி மாறியது. எண் அந்த வரம்பைவிட்டு நகரவில்லை. அடுத்து வாகனத் திருட்டு. எஃப்.ஐ.ஆர். இல்லாமல் இன்சூரன்ஸ் பணம் வராது என்பதால் வண்டியைப் பறிகொடுத்தவர் விடமாட்டார், வழக்காக்கியே தீருவார்.

மற்றக் குற்றங்களில் எண் ஏறினால் குற்றம் ஏறியது என்று பொருளல்ல. காவல் நிலையம் புகாரை வாங்க ஆரம்பித்திருக்கலாம். கேரளம் பதிவான குற்ற விகிதத்தில் எப்போதும் மேல் வரிசையில் நிற்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம், அங்கே எந்த முன்னணி ஆண்டாலும். காப்பகமே தன் அறிக்கையில் இதை எச்சரிக்கையாக எழுதியிருக்கிறது. பெண்கள், குழந்தைகள் மீதான குற்றத்தில் இது இன்னும் கூர்மை. 2012-இல் போக்ஸோ சட்டம் வந்தபின் எண் ஏறியது என்றால், முன்பு வீட்டுக்குள் புதைத்ததை இப்போது சொல்கிறார்கள் என்ற பொருளும் அதில் இருக்கிறது. அந்த எண் குறையவேண்டும் என்று ஓர் அரசு அவசரப்பட்டால், புகார் கொடுக்க வரும் தாயைத் திருப்பி அனுப்புவதுதான் அதற்குச் சுலபமான வழி. அது நடக்கவே கூடாது.

நம் ஊரில் அந்தத் திருப்பி அனுப்புதல் எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். புகாரை வாங்கி ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்புவார்கள். மக்கள் வழக்குப் பதிவாகிவிட்டது என்று நினைத்துப் போய்விடுவார்கள். சி.எஸ்.ஆர். எஃப்.ஐ.ஆர். அல்ல, அது குற்றக் கணக்கில் வராது. செயின் பறித்த புகார் சி.எஸ்.ஆரோடு நின்றால், அந்தக் குற்றம் அரசின் கணக்கில் நடக்கவே இல்லை. வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது. மறுத்தால், புகாரின் சாரத்தை எழுதி மாவட்டக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒப்புகை அட்டையை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 175(3)-ஆவது பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் மனு. பாலியல் குற்றம் போன்ற சில வழக்குகளைத் தவிர, எஃப்.ஐ.ஆரைக் காவல்துறையின் இணையதளத்தில் 24 மணி நேரத்தில் ஏற்றவேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2016 உத்தரவு. அதில் உங்கள் புகார் இருக்கிறதா என்று பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும்.

இன்னும் இரண்டு கண்ணிகள். ஒரே எஃப்.ஐ.ஆரில் கொலையும் கொள்ளையும் இருந்தால் காப்பகம் பெரிய குற்றத்தை மட்டும் எண்ணும். கொள்ளை எண்ணில் அது தெரியாது. அப்புறம், அறிக்கை தாமதமாக வரும். 2022-க்கான அறிக்கை 2023 டிசம்பரில் வந்தது, 2023-க்கானது 2025 செப்டம்பர் கடைசியில்தான் வந்தது. மேடையில் "இன்றைய நிலை" என்று வாசிக்கும் எண் இரண்டு வயதானதாக இருக்கும். 2021 போன்ற ஆண்டில் மே 7 வரை ஓர் அரசு, அதன்பின் வேறு அரசு, நடுவில் தேர்தல் ஆணையத்தின் நடத்தை விதிகள். அந்த ஆண்டின் எண்ணை யார் பெயரில் எழுதுவது?

தையல் தொழிலாளி, கள்ளக்குறிச்சி: விஷச்சாராயச் சாவு தி.மு.க. ஆட்சியில்தான் நடக்கும் என்று சிலர் சொல்கிறார்கள்.

உங்கள் மாவட்டத்தில் 2024 ஜூனில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. ஓராண்டு முன்பு மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் நடந்தபோதே விழித்திருக்க வேண்டிய அரசு அதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். ஆனால் 2001-இல் பண்ருட்டிப் பகுதியில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தது அ.தி.மு.க. ஆட்சியில். 2022 ஜூலையில் பா.ஜ.க. ஆளும் குஜராத்தின் போட்டாடில், டிசம்பரில் அப்போது நிதிஷ்குமார் ஆண்ட பீகாரின் சாரண் மாவட்டத்தில் இதே சாவுகள் நடந்தன. கடைசி இரண்டும் முழு மதுவிலக்கு மாநிலங்கள்.

கட்சிகள் வேறு, விஷம் ஒன்று: மெத்தனால். பெயிண்ட், தின்னர், பிசின் தொழிலுக்குப் போகவேண்டிய சரக்கு கேன் கேனாகத் திருட்டுத்தனமாக இறங்குகிறது. வாசனையும் நிறமும் சாராயம் மாதிரியே இருப்பதால் குடிப்பவருக்குத் தெரியாது. 10 மில்லி கண்ணைப் பறிக்கலாம், 30 மில்லி உயிரைப் பறிக்கலாம். உடனே மயங்க மாட்டார்கள்; பல மணி நேரம் கழித்து வயிற்றுவலியும் பார்வை மங்கலும் வரும். அதற்குள் ஊரே குடித்து முடித்திருக்கும். எந்த வேட்பாளர் வந்தாலும் மூன்றைக் கேளுங்கள்: மெத்தனால் வாங்கும் ஆலைகளின் இருப்பு ஏட்டை யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை சரிபார்க்கிறார்கள், சாராயம் விற்றுப் பிடிபட்டவர் எத்தனை முறை ஜாமீனில் வந்து அதே தெருவில் விற்றார், அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து கையிருப்பு எவ்வளவு.

வாசகர், நியூ ஜெர்சி: இங்கே ஜனநாயகக் கட்சி ஆளும் நகரங்களில்தான் கொலை அதிகம் என்கிறார்கள். இதுவும் அதே மாதிரிக் குழப்பமா?

பெருமளவு அதேதான். அமெரிக்காவில் 2020-இல் கொலைகள் முப்பது சதவீதத்தை ஒட்டி ஏறின. டிரம்ப் அதிபராக இருந்த ஆண்டு அது. ஜனநாயகக் கட்சி மேயர்களின் நகரங்களிலும் ஏறியது, குடியரசுக் கட்சி மேயர் இருந்த ஃபோர்ட் வொர்த்திலும் ஏறியது. 2022-க்குப் பிறகு, பைடன் காலத்தில், இரு வகை நகரங்களிலும் இறங்கியது. பெரிய நகரங்கள் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிப்பவை; ஏழ்மையும் நெருக்கடியும் துப்பாக்கியும் சேர்ந்து இருப்பதும் நகரங்களில்தான். இந்த இரண்டையும் ஒன்றுக்கு ஒன்று காரணமாக்கக் கூடாது. பொருளாதாரக் கருத்துக்கணிப்பிலும் இதைப் பார்க்கலாம். 2024 நவம்பர் தேர்தல் முடிந்த கையோடு, புதிய அரசு பதவியேற்கும் முன்பே, குடியரசுக் கட்சியினரின் நம்பிக்கை ஏறியது, ஜனநாயகக் கட்சியினருடையது இறங்கியது. கடையில் விலை அப்படியேதான் இருந்தது.

விவசாயக் கூலித் தொழிலாளி, விழுப்புரம் மாவட்டம்: 2024 டிசம்பரில் நூறு நாள் வேலை பார்த்தோம். கூலி மாதக்கணக்கில் வரவில்லை. ஊராட்சித் தலைவர் மேலே கைகாட்டினார், ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் டெல்லியைக் கைகாட்டினார்கள். யார்தான் காரணம் என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு அம்மா. நீங்கள் வேலை பார்த்தபோது நடப்பில் இருந்த 2005 சட்டப்படி உடலுழைப்புக் கூலி முழுவதும் மத்திய அரசின் பணம். 2024-25-இல் நமக்கு நாள் கூலி ₹319. மஸ்டர் ரோல், அதாவது வேலை வருகைப் பட்டியல், முடிந்த 15 நாளில் பணம் வரவேண்டும். அதில் முதல் பாதி மாநிலத்தின் வேலை: அளவெடுத்துப் பதிவு செய்து, கூலிப் பட்டியல் போட்டு, ஒன்றிய அலுவலகத்தில் இரண்டு பேர் மின்னணுக் கையெழுத்திட்டுப் பணப் பரிமாற்ற ஆணையை, அதாவது எஃப்.டி.ஓ.வை, எட்டு நாளில் அனுப்பவேண்டும். பிறகு ஏழு நாளில் டெல்லி கணக்கில் போடவேண்டும்.

படித்த பிள்ளை யாரையாவது வைத்துத் திட்டத்தின் இணையதளத்தில் மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று போய் உங்கள் வேலை அட்டை எண்ணைத் திறக்கச் சொல்லுங்கள். வாரவாரியாக வேலை, கூலி, எஃப்.டி.ஓ. எண், தேதி எல்லாம் இருக்கும். எஃப்.டி.ஓ. எண்ணே இல்லையென்றால் தாமதம் ஒன்றிய அலுவலகத்தில், அதாவது மாநிலத்தில். எண்ணும் இரண்டாம் கையெழுத்துத் தேதியும் இருந்து பணம் வரவில்லையென்றால் டெல்லி நிதி விடவில்லை. 2024 நவம்பர் இறுதிக்குப் பிறகு தமிழ்நாட்டில் பரவலாக நடந்தது இந்த இரண்டாவது வகை. மூன்றாவதாக, "நிராகரிக்கப்பட்டது" என்று இருந்தால் அது எந்த அரசும் இல்லை, வங்கிச் சிக்கல். பணம் நீங்கள் எழுதிக்கொடுத்த கணக்குக்குப் போகாது. கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை இணைத்தீர்களோ அங்கேதான் போகும். சுயஉதவிக் குழுவுக்காகவோ கேஸ் மானியத்துக்காகவோ திறந்து மறந்துபோன கணக்கில் பலருடைய கூலி கிடக்கிறது. ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் எந்த வங்கி என்று தெரியும்.

பதினாறாம் நாளிலிருந்து தினமும் கூலியில் 0.05 சதவீதம் தாமத இழப்பீடு உங்களுக்கு உரிமை. ₹319-க்கு நாளுக்குப் பதினாறு பைசாதான். ஆனாலும் கேளுங்கள், ஏனென்றால் அதைக் கொடுக்கும்போது தாமதம் யாருடையது என்று எழுத்தில் பதிவாகும். எஃப்.டி.ஓ. பக்கத்தை அச்செடுத்து, வேலை அட்டை நகலோடு மாவட்டத்தில் உள்ள திட்டக் குறைதீர்ப்பாளருக்கு மனுவாகக் கொடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் அதே தாளின் இன்னொரு நகலைக் கொடுத்து, மனு எண் போட்ட ரசீதைக் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.